யானை கொடுத்துப் போட்ட கேட்

பட்டாபிராமில் அந்தக் கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இல்லை, செஸ் போட்டி. நடுவர் இருதயராஜ். வார நாட்களில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. ஞாயிறு வந்தால் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, குசுகுசுவென்று பேசுகிறவர்களை முறைப்பதில் அவருக்கு அப்படி ஒரு சுகம்.

சாப்பாட்டுக்குப் பிறகான சுற்றில் அவருடைய சுகத்தைக் கெடுத்தான் வெற்றிச்செல்வன். நாற்காலி சரிய எழுந்து நின்று கத்தினான்.

“இன்னா சார் அநியாயம் இது! இந்தம்மா வெளிய போச்சு. வந்து குந்துன ஒடனே முழு யானையத் தூக்கி என் சிப்பாய் வாய்ல குடுக்குது. போன்ல பாத்துகினு வந்துகீது சார்!”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. எதிரில் இருந்த அகல்யாவின் முகத்தில் ரத்தம் இல்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து வெள்ளானூரில் ஃபிளாட் எடுத்திருப்பவள். படிப்பு, வேலை என்று விட்டுப்போன ஆட்டத்தை ஆசை அடங்காமல் இந்த வருஷம்தான் மறுபடி தொட்டிருக்கிறாள். திருட்டாட்டம் உறுதியானால் இன்றோடு போகாது. பெயர் செஸ் சங்க மேலிடத்துக்குப் போகும், அப்புறம் எந்தப் போட்டியிலும் அவளைச் சேர்க்கமாட்டார்கள்.

இருதயராஜ் கடிகாரத்தை நிறுத்தினார். அவளுடைய போன் மற்றவர்களுடையதோடு மேடையில்தான் இருந்தது. ஆனால் இன்னொரு போனை எங்கேயாவது ஒளித்துவைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

“வெளிய என்னம்மா பண்ணே?”

“முகம் கழுவினேன் சார். அப்புறம் கேட்டைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.”

“எந்த கேட்டு?”

“பின்னாடி ரயில்வே கேட். சரக்கு வண்டிக்காக மூடியிருந்தாங்க.”

பொய்யாவது கொஞ்சம் நம்புகிறமாதிரி சொல்லக்கூடாதா என்று இருதயராஜுக்கு எரிச்சல் வந்தது.

மணப்பெண் அறையில் லேப்டாப் இருந்தது. யானையை நகர்த்துவதற்கு முந்தைய நிலையை அதில் அடுக்கினார். அகல்யாவுக்கு ஏற்கெனவே ஒரு மந்திரி, அதாவது பிஷப், குறைவு. அவளுக்கு என்ன நகர்த்தல் நல்லது என்று செஸ் புரோகிராமைக் கேட்டார். வரிசையாகச் சொன்னது, அவள் ஆடியது அதில் இல்லை. அதை அவரே போட்டுப் பார்த்தார். திரையில் எண் சர்ரென்று ஏறி எட்டில் நின்றது. எதிராளிக்கு எட்டு என்றால் ஏறக்குறைய ஒரு ராணியையே இனாமாகக் கொடுத்ததற்குச் சமம்.

அவருக்கு நிம்மதியும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இவ்வளவு மோசமான நகர்த்தலை எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுத்திருக்காது.

“சொந்த மூளைதான். ஆட்டம் தொடரட்டும்” என்றார். எட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. முகத்துக்குத்தான் அந்த சாமர்த்தியம் போதவில்லை. அதைப் படித்த வெற்றிச்செல்வன் குஷியாகி, சிப்பாயால் யானையை லபக்கென்று அடித்தான்.

அடித்த சிப்பாய் அடுத்த வரிசைக்கு மாறி, அகல்யாவின் சிப்பாயோடு முட்டிக்கொண்டு நின்றது. பலகையில் கடைசியாகத் திறந்திருந்த சந்து அதுதான். இப்போது ஓரத்திலிருந்து ஓரம்வரை சிப்பாய்கள் மூக்கோடு மூக்கு. அவனிடம் இன்னும் ஒரு யானையும் மந்திரியும் இருந்தன. அவளிடம் ராஜாவும் சிப்பாய்களும்தான். ஆனால் யானைக்குப் போக வழியில்லை. மந்திரி ஒரே நிறக் கட்டங்களில்தான் ஓடும்; அந்த நிறத்தில் அடிக்க அவளுடைய சிப்பாய் ஒன்றுகூட இல்லை.

அவன் யானையை இடது பக்கம் கொண்டுபோனான், வலது பக்கம் கொண்டுவந்தான். அவள் ராஜாவை அங்கே ஒரு கட்டம், இங்கே ஒரு கட்டம் நகர்த்தினாள். யானையைக் கொடுத்தாவது உடைத்துவிடலாமா என்று அவன் கை நீண்டது. கொடுத்தால் அவள் சிப்பாய் ராணியாக மாற ஓட ஆரம்பித்துவிடும். கை திரும்பி வந்தது.

இருதயராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுபடி அறைக்குப் போய்ப் புது நிலையைப் போட்டார். எட்டு. இன்னும் யோசிக்க விட்டார். எட்டேதான். மந்திரியை அங்கே வை, யானையை இங்கே வை என்று சுறுசுறுப்பாக யோசனை வேறு சொன்னது. அத்தனை வழிகளையும் கணக்குப் போட்ட மெஷினுக்கு, வழியே இல்லை என்பது மட்டும் தெரியவில்லை.

வெளியே ஒரே ஹார்ன் சத்தம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கேட் மறுபடி மூடியிருந்தது. இந்தப் பக்கம் ஒரு பெரிய கன்டெய்னர் லாரி, ஷேர் ஆட்டோ, பைக்குகள். அந்தப் பக்கம் தண்ணீர் லாரி, கார்கள். அத்தனை பெரிய லாரியும் பக்கத்திலிருந்த சைக்கிளும் ஒரே மாதிரி சும்மா நின்றன.

அந்தப் பெண் பொய்யே சொல்லவில்லை. இதைப் பார்த்துவிட்டு வந்துதான் பலகையிலும் கேட்டை மூடியிருக்கிறாள்.

அவர் திரும்பி வந்தபோது வெற்றிச்செல்வன் பெருமூச்சோடு கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

“டிரா வச்சிக்கலாமா?”

“டிரா சரி” என்றாள் அகல்யா. கையைக் கொடுக்கவில்லை. “என்னைத் திருடின்னு மண்டபம் முழுக்கக் கேக்கறமாதிரி கத்துனீங்க. அதே சத்தத்துல இல்லைன்னு சொல்லுங்க.”

அவன் நடுவரைப் பார்த்தான். இருதயராஜ் உதவவில்லை. தலையைச் சொறிந்தபடி வெற்றிச்செல்வன் எழுந்து நின்றான்.

“எல்லாரும் கேட்டுக்கோங்கப்பா! இந்தம்மா போனும் பாக்கல, ஒண்ணியும் பாக்கல. நான்தான் வாய வுட்டுகினேன். ரயில்வே கேட்டத்தான் பாத்துகினு இருந்துச்சு. அத்த அப்டியே கொண்டாந்து என் யானைக்கு முன்னாடி போட்ருச்சு!”

மண்டபம் சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அகல்யா கையை நீட்டினாள்.