கால் பார்க்கிற நேரம்

மண்ணெண்ணெய் சுமந்து மலைக்கு மேலே போகிறவன் நான். அதனால் எல்லைக் காவல் கூடாரத்துச் சிப்பாய்களுக்கு என் பெயரும் மண்ணெண்ணெய்தான். அந்தப் பக்கமிருந்து யாராவது வருகிறார்களா என்று பார்க்க மூன்று பேரை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். வந்ததெல்லாம் பனிதான். அள்ளிக் கொட்டினால் மறுபடி வரும்.

மூவரில் மூத்தவரைக் குண்டர் என்பார்கள். மேலே வந்த புதிதில் குண்டாக இருந்தாராம். இப்போது கோட்டுக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டும். இளையவன் மாப்பிள்ளை. கல்யாணமான கையோடு வந்தவன். அவன் மனைவிக்கு இது பிரசவ மாதம். மூன்றாமவர் ரேடியோப் பெட்டியை விட்டு நகரமாட்டார். அவர் பெயர் ரேடியோ.

இரண்டு பேருக்குக் குறைவாக அங்கே ஆள் இருக்கக் கூடாது. ஒருவர் மட்டும் விடுப்பில் இறங்கலாம். மறுநாள் காலை மாப்பிள்ளை என்னோடு இறங்குவதாக ஏற்பாடு.

வெளிச்சம் போவதற்குள் கால் பார்ப்பது அங்கே வழக்கம். பூட்ஸைக் கழற்றி வெறுங்காலை ஜோடி ஆளிடம் காட்ட வேண்டும். குளிரில் விரல் செத்துப் போனால் வலிக்காது. நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

குண்டர் அடுப்புப் பக்கம் ஒரு காலை நீட்டினார். மாப்பிள்ளை குனிந்து பார்த்து, "ஒண்ணு" என்றான். குண்டர் காலைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டு மறுபடி நீட்டினார்.

"ரெண்டு. சரிண்ணே."

எனக்கு எங்கேயோ இடித்தது. இரண்டு தடவையும் பெருவிரல் ஒரே பக்கம் இருந்தது.

கேட்டால் சிரிப்பு வரும். அந்த உயரத்தில் மூச்சு விடவே காற்று பத்தாது, மூளைக்கு எங்கிருந்து மிஞ்சும்? தலையில் இருக்கும் தொப்பியைத் தேடுவார்கள். உப்புப் போட்ட கஞ்சியில் மறுபடி உப்புப் போட்டு, அதையும் சத்தமில்லாமல் குடிப்பார்கள். நான் அன்று மத்தியானம்தான் ஏறி வந்தவன். கொஞ்சம் புத்தி மிச்சமிருந்தது.

குண்டர் பனி அள்ள வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, இடது காலு என்னாச்சு?"

மண்வெட்டி நின்றது. "எண்ணெய் ஊத்துறதுதானே உன் வேலை? அதைப் பாரு."

"கருத்துடுச்சா?"

"நுனிதான். அவன் இறங்கட்டும். மாத்து ஆள் வந்ததும் நானும் வந்துடுறேன்."

"அவரு எப்ப வருவாரு?"

"வானம் விட்டா வருவாரு."

"அதுவரைக்கும் விரல் இருக்குமா?"

"பத்து இருக்கேப்பா. ரெண்டு போனா குடியா முழுகிடும்?" சிரிக்கப் போனவருக்கு இருமல் வந்துவிட்டது. "தூக்கத்துலகூட அவன் அவ பேரைத்தான் சொல்றான். என் தூக்கமும் போச்சு. கூட்டிட்டுப் போயிடு."

தலையாட்டினேன்.

காலையில் மாப்பிள்ளை சவரம் செய்திருந்தான். அந்தக் குளிரில் முகத்தில் கத்தி வைக்க எவ்வளவு ஆசை இருக்க வேண்டும். என் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"புள்ள உன் மூக்கோட பொறந்தா திருப்பிக் குடுத்துடு" என்று சொல்லிக்கொண்டே வழியனுப்ப வந்தார் குண்டர். இடது பூட்ஸின் நாடா கட்டாமல் கிடந்தது. வாசல் கல்லில் அந்தப் பாதம் பக்கவாட்டில் மடிந்தது. மடிந்த காலின் மேலேயே முழுப் பாரத்தையும் போட்டு நின்று சிரித்தார். வலி ஒன்றும் தெரியவில்லை அவருக்கு.

என்னால் அடக்க முடியவில்லை.

"மாப்பிள்ளை, அண்ணனோட இடது காலைப் பார்த்துட்டு வா."

"நேத்துதானே பார்த்தேன்?"

"வலதையே ரெண்டு தடவை பார்த்தே."

அவனுக்கு விளங்கவே நேரம் பிடித்தது. அப்புறம் மண்டியிட்டுப் பூட்ஸை உருவினான். மூன்று விரல்கள் கரியாக இருந்தன.

ரேடியோ எட்டிப் பார்த்தார். "இந்தக் காத்துல ஹெலிகாப்டர் வராது. நடையா இறக்கினாத்தான் உண்டு."

மாப்பிள்ளை கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான். தடித்த கையுறையில் அது லேசில் அவிழவில்லை.

"டேய், அவுக்காதடா. சொன்னாக் கேளு. கிளம்புடா."

"சும்மா இருங்கண்ணே."

அதே முனையைக் குண்டர் இடுப்பில் கட்டினான். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். பையை உள்ளே வைக்கப் போய்விட்டான்.

நான் இறங்கும்போது முதுகு எப்போதும் காலியாகத்தான் இருக்கும். அன்று பாதி வழிக்கு மேல் அவரைத் தூக்கித்தான் இறங்கினேன். எண்ணெய் கேன்கள் முதுகில் அசையாது. இவர் ஒவ்வொரு இருமலுக்கும் என்னைச் சேர்த்து ஆட்டினார். கோபம் இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கீழ்முகாம் கண்ணில் பட்ட பிறகுதான் வாய் திறந்தார்.

"மறுபடி எப்ப மேல போவே?"

"எண்ணெய் வந்ததும் போவேண்ணே."

"இனிமே ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண வேணாம்னு அவன்கிட்ட சொல்லு. இடது, வலதுன்னு வாய்விட்டுச் சொல்லிப் பாக்கச் சொல்லு."

தலையாட்டினேன். முதுகில் இருப்பவருக்கு அது தெரியாதே என்று உறைத்ததும், "சொல்றேண்ணே" என்றேன்.