மிச்சக் காப்பி

பிளாஸ்கைக் கையில் எடுத்ததுமே மைலோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதி கனம்தான் இருந்தது.

சவ அடக்க நிலையத்து ஆட்கள் இரண்டு பேர் அவர் மனைவி ஆர்டிஸின் உடலைத் தூக்கிக்கொண்டு சோளக்காட்டு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சாவைப் பதிவு செய்ய வந்த கவுண்டி அதிகாரி அவர்களுக்கு முன்னால் சேறு பார்த்து நடந்தார். “நீங்களும் வந்துடுங்க ஐயா” என்று திரும்பிக் கூப்பிட்டார். “அவ சாமானை எடுத்துக்கிட்டு வர்றேன்” என்றார் மைலோ. சாமான் என்ன பெரிய சாமான். மடக்கு நாற்காலி, கிளையில் மாட்டியிருந்த வில், ஒரு ஜோடி கையுறை, பச்சைப் பிளாஸ்க்.

காலையில் மான் வேட்டைக்குப் போகும்போது, “மாவைக் கரைச்சு வை, பத்து மணிக்குப் பான்கேக் தின்ன வந்துருவேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பத்து தாண்டியும் வரவில்லை. தேடிக்கொண்டு வந்தவர் அவள் மரத்தில் சாய்ந்து, முகவாய் நெஞ்சில் பட உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, “குறட்டை விட்டா மான் வருமா, ஆர்டிஸ்?” என்று வேறு கேட்டுவிட்டார். கிட்டப் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது. அந்தக் கேள்வி இப்போது முள்ளாகக் குத்தியது.

பிளாஸ்கை ஆட்டிப் பார்த்தார். உள்ளே காப்பி தளும்பியது. சந்தேகமே இல்லை, பாதி.

ஆர்டிஸ் காட்டில் உட்கார்ந்திருக்கும்போது காப்பி மூடியைத் திறக்க மாட்டாள். மானுக்கு மூக்கு நீளம், வாசனை பட்டால் அந்தப் பக்கமே வராது. அம்பு விட்ட பிறகுதான் முதல் கோப்பை. அம்பு பட்ட மானை உடனே துரத்தக் கூடாது, துரத்தினால் அது மைல் கணக்கில் ஓடும்; அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் பக்கத்திலேயே படுத்துவிடும். அந்த அரை மணிக்குப் பாதி பிளாஸ்க். மானைக் கண்டுபிடித்து அதன் பக்கத்தில் உட்கார்ந்து மீதிப் பாதி. அவள் எதையும் வாய் திறந்து சொல்வதற்கு முன்பே, வீட்டுப் படியேறும்போது பிளாஸ்கை வாங்கிப் பார்த்து மைலோ தெரிந்துகொள்வார். நிறைந்து வந்தால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. காலியாக வந்தால் கத்தியைத் தீட்ட வேண்டியதுதான். பாதியாக ஒரே ஒரு தடவை வந்திருக்கிறது. அடிபட்ட மான் கிடைக்கவில்லை என்று இரண்டு நாள் அவள் தட்டைத் தொடவில்லை.

வில்லோடு சேர்ந்த அம்புக்கூட்டைப் பார்த்தார். ஓர் இடம் காலியாக இருந்தது.

“பாவி மகளே, விட்டுட்டியா!” என்று சத்தமாகவே சொன்னார். பெருமையும் அழுகையும் ஒன்றாக வந்தன. நின்ற இடத்திலேயே நின்று அழுதார். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் யாரும் இல்லாத இடம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டுச் சமையலறையில் பக்கத்துப் பண்ணை டோரீன் ஏற்கெனவே வந்து, உருளைக்கிழங்கும் சீஸும் போட்ட பெரிய தட்டை அடுப்புக்குள் தள்ளியிருந்தாள். வடக்கு விஸ்கான்சினில் சாவுச் செய்தியைவிட வேகமாக ஓடுவது துக்க வீட்டுக்குப் போகிற அந்தத் தட்டு ஒன்றுதான். அவளுக்கு இடுப்பு எலும்பு சரியில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே எல்லா வேலையையும் செய்தாள்.

“நீ அவகூட வண்டியில போகலையா மைலோ?”

“அவ மானை அடிச்சிருக்கா.”

டோரீன் கரண்டியைக் கீழே வைத்தாள். “யார் சொன்னது?”

“காப்பி குடிச்சிருக்கா.”

நாற்பது வருடமாக வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “கடைசியில இழுத்துட்டாளா! அந்தக் கையை வெச்சுக்கிட்டு!”

அந்தக் கை என்றால் வலது கை. மூன்று வருடத்துக்கு முன்னால் மார்பில் புற்று வந்து, வலது பக்கத்தைத் தோள்பட்டை வரை வெட்டி எடுத்தார்கள். நாற்பத்தைந்து பவுண்டு இழுவிசை கொண்ட வில்லை ஏதோ கதவைத் திறப்பதுபோல் இழுத்தவளுக்குப் பால் கேனைத் தூக்க முடியவில்லை. புற்றை விரட்டிய மருந்து போகிற போக்கில் இதயத்தையும் கொஞ்சம் தின்றுவிட்டுப் போனது. இனி மரத்தில் ஏறி உட்காரக் கூடாது, கனம் இழுக்கக் கூடாது என்றார் டாக்டர். மரத்தில் ஏறுவதை விட்டாள். இழுப்பதை விடவில்லை.

டோரீன் புருஷன் ரோலி தன் குறுக்குவில்லைக் கொண்டுவந்து கொடுத்தான். விசையைத் தட்டினால் போதும், வயதானவர்களுக்கு அதுதான் சரி என்றான். “அதுக்கு நான் எதுக்கு ரோலி? உன் நாயை உக்கார வெச்சாலும் அம்பு போகுமே” என்று ஆர்டிஸ் திருப்பி அனுப்பிவிட்டாள்.

மைலோதான் வில்லின் திருகுகளைத் தளர்த்தி, சட்டம் அனுமதிக்கிற கடைசி அளவுக்குக் கொண்டுவந்தார். அதையும் அவளால் இழுக்க முடியவில்லை. சாமான் அறைக் கதவுப் பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி, காலையும் மாலையும் இழுத்தாள். கதவு முனகியது, அவளும் முனகினாள். “ரெண்டு பேர்ல யாரு முதல்ல கழண்டு விழப்போறீங்க?” என்று மைலோ கேட்பார். “வாயை மூடிட்டு எண்ணு” என்பாள். போன வருடம் ஒரு மான் நேருக்கு நேர் வந்து நின்றது. இழுத்தாள், கை நடுங்கியது, நடுங்குகிற கையால் விட மனசில்லாமல் நாணை மெதுவாகத் தளர்த்திவிட்டாள். அன்று பிளாஸ்க் நிறைந்தே வந்தது. மறுநாள் காலையில் கதவு மறுபடி முனகியது.

தொலைபேசி அடித்தது. மகன் கர்ட். செய்தி கேட்டுப் புறப்பட்டவன், இன்னும் மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தான்.

“அப்பா, நீங்க எங்கயும் போகாதீங்க. டோரீன்கூட உக்காந்திருங்க.”

“உங்கம்மா அடிச்ச மான் காட்டுல கெடக்கு.”

“அப்பா... இப்போ மானா முக்கியம்? விடுங்கப்பா.”

“வெயில் ஏறுது. சாயங்காலம் வரைக்கும் போட்டா கறி கெட்டுடும்.”

“உங்களுக்கு ரத்தமே தெரியாதேப்பா!”

அது நிஜம். மைலோவுக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒரே குடும்பம். கல்யாணத்துக்குப் பச்சை டை என்று நினைத்துப் பழுப்பு டை கட்டிக்கொண்டு வந்து நின்றவர். ரத்தச் சொட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் அடிபட்ட மானைத் தேட வேண்டும். மேப்பிள் இலைகள் சிவந்து உதிர்ந்து கிடக்கிற அக்டோபரில் நல்ல கண்ணுக்கே அது கஷ்டம். “உன்னைக் கூட்டிட்டுப் போனா மானே எழுந்து வந்து வழி காட்டணும்” என்பாள் ஆர்டிஸ். அதனால்தான் மைலோ ஒரு நாளும் வில்லைத் தொட்டதில்லை, பிளாஸ்கோடு நின்றுகொண்டார்.

“நீ பாத்து ஓட்டிட்டு வா” என்று வைத்துவிட்டார்.

“ரோலி ஆலையிலேர்ந்து அஞ்சு மணிக்கு வந்துருவான். அவனை விட்டுத் தேடச் சொல்றேன்” என்றாள் டோரீன். “அவளை யாரோ ஊர் பேர் தெரியாத ஆளுங்ககிட்ட விட்டுட்டு நீ மானைத் தேடிட்டுத் திரிஞ்சா, பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?”

“அவ அங்க பத்திரமா இருப்பா டோரீன். மான் இருக்காது.”

குளியலறை அலமாரியைத் திறந்தார். அறுவை முடிந்து ஆர்டிஸ் படுத்திருந்த நாட்களில் வாங்கிய புண் கழுவும் மருந்து, மூன்று புட்டிகள், மிச்சம் இருந்தன. அவள் போர்வையில் ரத்தக் கறை எங்கே என்று தெரியாமல், இந்த மருந்தைத் தெளித்து, வெள்ளையாக நுரைக்கிற இடத்தைப் பார்த்துத்தான் தேய்த்துக் கழுவுவார். சிவப்பு ஏமாற்றலாம், நுரை ஏமாற்றாது. ஜன்னல் துடைக்கிற தெளிப்பானைக் கழுவி ஒரு புட்டியை அதில் ஊற்றிக்கொண்டு, மற்ற இரண்டையும் கையோடு எடுத்துக்கொண்டார். ஒரு சுருள் காகிதத்தைச் சட்டைப் பையில் திணித்தார். பிளாஸ்கைத் தோளில் மாட்டினார்.

“அது எதுக்கு?” என்றாள் டோரீன்.

மைலோ வாசற்பக்கம் நடந்தார். டோரீன் எழுந்து, மற்ற வேட்டைக்காரர்கள் மான் என்று நினைத்துவிடாமலிருக்கப் போடுகிற, கொக்கியில் தொங்கிய ஆரஞ்சு அங்கியை எடுத்து அவர் தோளில் போட்டாள். “அவ அடிச்ச மானை நீ தேடப் போறேன்னு வனக்காவலருக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். போ.”

அவள் உட்கார்ந்திருந்த மரத்தடியிலிருந்து ஆரம்பித்தார். எந்தப் பக்கம் போவது என்பதில் குழப்பம் இல்லை. காலையில் அவள் நாற்காலி சோளக்காட்டுக்கு முதுகைக் காட்டி ஓடைப் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அம்பு விட்டதும் மான் ஓடிய திசைக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். கடைசிச் சத்தம் எங்கே கேட்டது என்று காது வைத்துக் கொண்டிருந்திருப்பாள்.

முதல் இருபது அடிக்கு ஒன்றுமில்லை. மருந்து தெளித்த இலை இலையாகவே கிடந்தது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனதும் மண்டி போட்டார். எழுபத்து நாலு வயது முட்டி, போட்ட சத்தம் அவருக்கே கேட்டது. பெரணிச் செடி ஒன்றின் மேல் தெளித்தபோது சுர்ரென்று வெள்ளையாகப் பொங்கியது. சோடாவைத் திறந்த மாதிரி.

“இருக்கு” என்றார், பக்கத்தில் யாரோ இருப்பதுபோல. ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்து அங்கே வைத்தார்.

அதன் பிறகு நுரை, காகிதம், நுரை, காகிதம். ஒரு புட்டி தீர்ந்தது. அழுகிய மரக்கட்டை ஒன்று நுரைத்தது. அதை நம்பிச் சதுப்புப் பக்கம் வெகுதூரம் தவழ்ந்து போய்விட்டார். அங்கே எல்லா அழுகலும் நுரைத்தது. கட்டையும் காளானும் சேர்ந்து அவரைப் பைத்தியக்காரனாக்கின. ஆக, நுரையும் ஏமாற்றும். சேற்றில் உட்கார்ந்து ஆர்டிஸையும் அவள் பிடிவாதத்தையும் தன் கண்ணையும் வாய்க்கு வந்தபடி திட்டினார். வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிளாஸ்க் விலாவில் இடித்தது. எழுந்து, வைத்த காகிதங்களைப் பார்த்துக்கொண்டே கடைசிக் காகிதத்துக்குத் திரும்பி வந்தார்.

இந்தத் தடவை தரையை விட்டுவிட்டுச் செடிகளின் இடுப்பளவில் தெளித்தார். ஓடுகிற மானின் விலா உரசுகிற உயரம். ஒரு ஹேசல் புதரின் உள்பக்கம் பூராவும் நுரைத்துக்கொண்டு வந்தது. புதருக்குள் ஒரு முறிந்த அம்பு, ஆர்டிஸ் ஒட்டிய வெள்ளைச் சிறகோடு. அதைத் தாண்டி ஓடைச் சரிவில், விழுந்த பிர்ச் மரத்துக்கு அந்தப் பக்கம், மான் படுத்திருந்தது.

கொம்பில்லாத பெட்டை. கொழுத்த உடம்பு. வாலைத் தரையில் விரித்துப் போட்டிருந்தது. மைலோ முட்டியில் நகர்ந்து போய் அதன் முன்காலுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தார். ஓட்டை எங்கே இருக்க வேண்டுமோ சரியாக அங்கே இருந்தது. விரலை விட்டு உறுதி செய்துகொண்டார். இந்த அம்பு பட்ட மான் நூறு அடி ஓடியிருந்தால் அதிகம். அவள் முதல் கோப்பையை ஊற்றும்போதே இது இங்கே விழுந்திருக்கும்.

நிமிர்ந்து பார்த்தார். மரங்களுக்கு நடுவே, அவள் சாய்ந்திருந்த மரத்தின் உச்சி தெரிந்தது. மூன்று மணி நேரமாகத் தவழ்ந்தது இவ்வளவு கிட்டத்துக்குத்தானா?

தூரத்தில் கார் கதவு அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. “அப்பா!” என்று கர்ட் கத்தினான். “அப்பா, எங்க இருக்கீங்க?”

“காகிதத்தைப் பாத்துக்கிட்டே வா” என்று பதிலுக்குக் கத்தினார். “கத்தி எடுத்துக்கிட்டு வா.”

பிர்ச் மரத்தில் முதுகைச் சாய்த்து மானின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிளாஸ்கின் மூடியைத் திருகி ஊற்றினார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை, வெதுவெதுப்பு மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கறுப்புக் காப்பி குடிக்கிறவர்களைப் பார்த்தால் பசுவே வருத்தப்படும் என்று வாழ்நாள் முழுக்க அவளைக் கேலி செய்தவர். முகத்தைச் சுளித்துக்கொண்டே முதல் மூடியைக் குடித்தார். இரண்டாவதை ஊற்றினார். கர்ட் சருகுகளை மிதித்து வருகிற சத்தம் ஒவ்வொரு காகிதத்திலும் நின்று நின்று கிட்டே வந்தது.

மூன்றாவது பாதிதான் நிறைந்தது. அதையும் குடித்துவிட்டு, பிளாஸ்கைத் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு சொட்டு இலை மேல் விழுந்தது. மூடியை இறுக்கித் திருகி, வீட்டுக்கு எடுத்துப் போகத் தோளில் மாட்டிக்கொண்டார்.