வாளித்தலையன் தப்பித்த விதம்

ஏரியில் தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் சர்வேயர் செய்தது கொலைக்குச் சமம் என்று நீங்களும் முடிவு கட்டிவிடுவீர்கள். அவருடைய மாமனார் வீட்டில் அப்படித்தான் முடிவு கட்டினார்கள். படகு சாய்ந்தபோது ஒரு கையில் மனைவியின் கையைப் பிடித்திருந்த மனிதர், அந்தக் கையை உதறிவிட்டு ஒரு ஃபிலிம் டப்பாவைப் பாய்ந்து கட்டிக்கொண்டார். மனைவி தண்ணீரில். டப்பா மடியில். இதைக் குடும்பமே எதிர்ப் பலகையில் உட்கார்ந்து பார்த்தது.

சர்வேயர் என்றால் நிலம் அளக்கிறவர் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிப்போன கார்களைச் சுற்றிச் சுற்றி வந்து, எப்படி நடந்திருக்கும், எவ்வளவு போகும் என்று சொல்கிறவர். சாதுவான மனிதர். பேச்சிலும் நடையிலும் அவசரமே கிடையாது. அப்படிப்பட்டவர் படகில் அவ்வளவு வேகமாகப் பாய்ந்தார் என்றால் அதற்குக் காரணம் வாளித்தலையன்.

மனைவியின் அண்ணன் ஒரு டயர்க் கடையின் மாடியில் சின்னதாக ஒரு படக்கொட்டகை நடத்தி வந்தார். படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கைத் துளைக்கும். சனிக்கிழமை மதியம் அங்கே ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் தொடர்படம், வாரம் ஓர் அத்தியாயமாக ஓடும். கதாநாயகன் முட்டியில் தொளதொளக்கும் கம்பளி உடுப்பும், முதுகில் ஒரு மேலங்கியும், தலையில் தண்ணீர் வாளியைக் கவிழ்த்த மாதிரி ஓர் இரும்புக் கவசமும் மாட்டிக்கொண்டு ஊரைக் காப்பாற்றுவான். படத்தில் அவனுக்கு ஏதோ கம்பீரமான பெயர் உண்டு. கொட்டகையில் அவன் பெயர் வாளித்தலையன்தான்.

ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசியிலும் வாளித்தலையன் செத்துப்போவான். சந்தேகத்துக்கே இடமில்லாமல் சாவான். கார் மலையுச்சியிலிருந்து பாயும். உள்ளே வாளி பளபளக்கும். கார் பாறையில் மோதித் தீப்பிடிக்கும். அடுத்த வாரம் அதே காட்சி மறுபடி வரும். ஆனால் இந்தத் தடவை கார் விளிம்பைத் தாண்டுவதற்கு முன்னால், போன வாரம் சத்தியமாக இல்லாத ஒரு துண்டு நடுவில் ஒட்டியிருக்கும்: கதவு திறக்கும், வாளித்தலையன் வெளியே உருளுவான், எழுந்து புழுதியைத் தட்டிக்கொள்வான்.

அப்போது மாமனார் எழுந்து நிற்பார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். பிளாட்பாரத்தின் கோடிவரை கேட்கிற குரல். “ஏமாத்து!” என்று ஒரு சத்தம் போடுவார். மொத்தக் கொட்டகையும் “ஏமாத்து! ஏமாத்து!” என்று கூவிக் கைதட்டும். இவ்வளவு பகிரங்கமாகக் காதில் பூ சுற்றப்படுவதில் அத்தனை பேருக்கும் அவ்வளவு ஆனந்தம். படம் தொடங்குமுன் விளக்கைப் போட்டு, அவன் எப்படித் தப்பித்திருப்பான் என்று யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம் என்பது அங்கே வழக்கம். சரியாகச் சொன்னவருக்கு முன்வரிசைச் சோபா. அதில் ஸ்பிரிங் போய், உட்காருகிறவர் நடுப்பள்ளத்தில் விழுவார் என்பது வேறு விஷயம்.

சர்வேயர் மட்டும் கூவ மாட்டார். கதவு திறக்கிற அந்த ஒரு நொடிக்காகவே அவர் வருவார். வாரம் முழுக்க அவர் பார்க்கிற கார்களில் கதவு மூடியேதான் இருக்கிறது. நடுவில் விட்டுப்போன துண்டு என்று எதுவும் இல்லை. யாரும் முன்கூட்டியே குதித்திருக்கவில்லை. சனிக்கிழமை மட்டும்தான் ஒருத்தன் குதிக்கிறான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவிக்குத் தெரியும், ஏனென்றால் அந்த நொடியில் அவர் அவள் கையை நசுக்கிவிடுவார்.

கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் வாளித்தலையனைச் சங்கிலியால் கட்டி இரும்புத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் ஏறி, வாளியும் மூழ்கி, நாலு குமிழி வந்து அதுவும் நின்றுபோனது. கடைசி அத்தியாயம் மச்சானிடம் இல்லை. ஏரிக்கு அக்கரையில் பழைய படங்கள் சேர்க்கிற ஒருவரிடம் இருப்பதாகத் துப்புக் கிடைத்தது. குடும்பமே படகெடுத்துக்கொண்டு கிளம்பியது. முதல் பாதி ஒரு டப்பா, இரண்டாம் பாதி ஒரு டப்பா. திரும்பி வருகையில் இரண்டும் சர்வேயருக்கும் மனைவிக்கும் நடுவில் பலகைமேல் இருந்தன.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. துடுப்புப் போடுவது எப்படி என்று படகுக்காரனுக்கு விளக்குவதற்காக மாமனார் எழுந்து நின்றார். படகு இந்தப் பக்கம் சாய்ந்தது, பிறகு அந்தப் பக்கம் சாய்ந்தது. அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. தண்ணீருக்குள் போன மனைவி கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்ததும், தண்ணீர் தெறிக்காமல் இருக்க மாட்டியிருந்த தொளதொள மழைக்கோட்டை மார்போடு இறுக்கிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கரைக்கு நடந்தாள். நேரே அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னொரு டப்பா ஏரியோடு போயிற்று என்று மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அந்த வாரம் சர்வேயர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சாப்பாட்டு மேசையில், மனைவி உட்காருகிற இடத்துக்கு எதிரே, இரண்டாம் பாதி டப்பா கிடந்தது. “எல்லாம் உன்னாலதான்” என்று அதைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார். போன் செய்தால் அக்கா எடுத்து, “அவ படுத்திருக்கா” என்பாள். காலையிலும் படுத்திருந்தாள், மாலையிலும் படுத்திருந்தாள். கொட்டகையின் இன்னொரு சாவி அவரிடம்தான் இருந்தது. நினைத்திருந்தால் போய்ப் படத்தை ஓட்டிப் பார்த்திருக்கலாம். டப்பாவின் மேல் ஒட்டியிருந்த டேப்பைக்கூட அவர் உரிக்கவில்லை.

சனிக்கிழமை பஞ்சாயத்து என்று மாமனார் சொல்லி அனுப்பினார். வீட்டுக் கூடத்தில் இடம் பற்றாதாம், கொட்டகையில் வைத்துக்கொள்ளலாமாம். சர்வேயர் டப்பாவோடு போய்ப் பார்த்தால் வழக்கமாக வருகிற கூட்டம் அத்தனையும் நாற்காலியில் இருந்தது. யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை, அவர்களும் போவதாக இல்லை. முன்வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் மனைவி. மழையே இல்லாத நாளில் அதே மழைக்கோட்டு.

“மாப்ளே,” மாமனார் தொண்டையைச் செருமினார். “போன வாரம் நாங்க பாத்தது இதுதான்: கையை விட்டீங்க, டப்பாவைப் புடிச்சீங்க. நடுவுல ஏதாவது விட்டுப்போச்சா? இருந்தா இப்பச் சொல்லுங்க.”

சர்வேயர் கையிலிருந்த டப்பாவைத் தூக்கிக் காட்டினார். “டப்பா அவ தலைமேல விழப் பாத்துச்சு மாமா. அதைத் தடுக்கத்தான்…”

“ஏமாத்து!” என்றது கொட்டகை. டப்பா இருந்தது ஒரு பக்கம், தலை இருந்தது இன்னொரு பக்கம்.

“வெயில் கண்ணுல அடிச்சுது. டப்பாவை அவதான்னு நெனச்சு…”

இதற்குக் கொட்டகை கூவும்வரை காத்திராமல் அக்காவே எழுந்தாள். “என் தங்கச்சி உங்களுக்குத் தகர டப்பா மாதிரியா தெரியறா?” என்றாள். அந்த வெயில் கதையைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று சர்வேயருக்கு உடனே புரிந்துவிட்டது.

“தண்ணி இடுப்பளவுதான்னு எனக்கு முன்னாடியே தெரியும்.”

“எங்க தெரியும்?” என்றார் மச்சான். “எவ்ளோ ஆழம், எவ்ளோ ஆழம்னு படகுக்காரனை நச்சரிச்சுக்கிட்டே வந்தீங்க. அவன் கடைசிவரைக்கும் வாயே தெறக்கல.”

“ஏமாத்து!”

சர்வேயர் கையில் சரக்குத் தீர்ந்துவிட்டது. மனைவியைப் பார்த்தார், அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமாக எத்தனை பேர் அவர் முன்னால் இப்படி நின்று, நாய் குறுக்கே வந்தது, பிரேக் பிடிக்கவில்லை என்று அளந்திருக்கிறார்கள்! அப்போதெல்லாம் அவர் காரைப் பார்ப்பாரே தவிர ஆளைப் பார்க்க மாட்டார். இப்போது அவருக்கு அவர்கள்மேல் முதல்முறையாகப் பாவமாக இருந்தது.

“நடுவுல ஒண்ணும் விட்டுப்போகல மாமா,” என்றார். “கதவு மூடித்தான் இருந்துச்சு. நான் கையை விட்டேன். வேணும்னு விடல, ஆனா விட்டது நான்தான். அவ தலை தண்ணிக்கு மேல வர்ற வரைக்கும் ஐயோ ஐயோன்னு கத்திக்கிட்டு இருந்தேன், கட்டிப்புடிச்ச டப்பாவைக் கீழ வெக்கணும்னுகூடத் தோணல. அதை நெனச்சாத்தான் எனக்கே என்னைப் புடிக்கல.” டப்பாவை மேசையின் மேல் வைத்தார். “இதை நான் தெறக்கல. அவ பக்கத்துல இல்லாம முடிவு தெரிஞ்சு நான் என்ன பண்ணப்போறேன்?”

யாரும் ஏமாத்து என்று சொல்லவில்லை. பின்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

மனைவி எழுந்தாள். “இல்லப்பா,” என்றாள். “நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு.”

“என்னம்மா?”

“நான் விழல. குதிச்சேன்.”

“ஏமாத்…” என்று மாமனார் ஆரம்பித்தார். அதற்குள் மகள் மழைக்கோட்டின் பொத்தானைக் கழற்றி, உள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். முதல் பாதி. மாமனார் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

“படகு சாஞ்சதும் இது என் பக்கம் உருண்டுச்சு. பின்னாலயே நானும் போயிட்டேன். அவர் கையை விட்டாரா இல்லையான்னே எனக்குத் தெரியாது. அதுக்கு முன்னாடியே நான் விட்டுட்டேன்.”

சர்வேயர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “அப்போ ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு என் வீட்டுல எதுக்குடி இருந்த?”

“நீ தலை துவட்டி விட்டியே அக்கா,” என்றாள் அவள் சின்னக் குரலில். “அப்பா எனக்காகச் சண்டைக்குப் போனாரு. வீட்டுல ஒரு தம்ளர்கூட நான் கழுவல. எனக்காக யாரும் இப்படிப் பதறி நான் பாத்ததே இல்ல. ரெண்டு நாள் இருந்துட்டுச் சொல்லிடலாம்னு நெனச்சேன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நீங்க பஞ்சாயத்தே வச்சுட்டீங்க.”

“குளியலறையில கொடி கட்டி, கதவைப் பூட்டி வச்சது துணி காயவைக்கத்தானே?” என்றாள் அக்கா.

“இதைத்தான் காயவச்சேன்.”

இப்போது சர்வேயரின் முறை. மனைவி தன்னை ஒரு வாரம் தவிக்க விட்டதைப் பற்றி அவர் ஏதாவது கேட்பார் என்றுதான் கூட்டம் எதிர்பார்த்தது. நியாயமும் அதுதான். அவரோ ஓரடி முன்னால் வந்து, “அப்போ நீ பாத்துட்டியா?” என்றார். நெஞ்சு உடைந்த குரல்.

“ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சு, துண்டு துண்டா.”

“நான் இல்லாமயா?”

“கொடியில தொங்கினா கண்ணுல படத்தானே செய்யும்?”

“எப்படித் தப்பிச்சான்?”

கொட்டகையில் அத்தனை நாற்காலியும் ஒரே நேரத்தில் முன்னால் நகர்ந்தது. அவள் உதட்டைப் பிதுக்கினாள். “தெரியாது. தண்ணி பட்டு அந்த எடம் மட்டும் அழிஞ்சுபோச்சு.”

அதற்குமேல் பஞ்சாயத்தை நடத்த யாருக்கும் பொறுமை இல்லை. மச்சான் ஓடிப்போய் முதல் டப்பாவைத் திறந்து படத்தை மாட்டினார். சரியான விடை என்னவென்றே தெரியாததால் சோபாவைக் கணவன் மனைவிக்கே கொடுத்துவிடலாம் என்று மாமனார் தீர்ப்புச் சொன்னார். இருவரும் உட்கார்ந்து, ஸ்பிரிங் புண்ணியத்தில் நடுப்பள்ளத்தில் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். விளக்கு அணைந்தது.

தொட்டி வந்தது. தண்ணீர் ஏறியது. வாளி மூழ்கியது. அப்புறம் திரை வெள்ளையாகி, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மாதிரி திட்டுத்திட்டாக ஓடியது. ஓடி முடிந்ததும் வாளித்தலையன் தெருவில் நின்றான், ஒரு சொட்டு ஈரம் இல்லை, மேலங்கி இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. மாமனார் பழக்கத்தில் துள்ளி எழுந்தார். எதைக் காட்டி ஏமாத்து என்பது? காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கொஞ்சநேரம் நின்றுவிட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

“எப்படி வந்திருப்பான்?” என்று சர்வேயர் கிசுகிசுத்தார்.

“எப்படியோ வந்துட்டான்ல,” என்றாள் மனைவி.

அவர் அவள் கையைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று அவருக்கே தெரியாது. நசுக்கவில்லை, சும்மா பிடித்திருந்தார். ஏரியில் அவள் தலை மேலே வந்த நொடியில் அழாத அழுகை இப்போதுதான் அவருக்கு வந்தது. இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது என்று அழுதார்.

முதல் பாதி முடிந்தது. மச்சான் அரைவெளிச்சத்தில் தட்டுத்தடுமாறி அடுத்த டப்பாவின் டேப்பை உரித்தார். கைதவறியது. இரண்டாம் பாதி மேசையிலிருந்து விழுந்து, நிமிர்ந்து, சரிவான தரையில் சக்கரமாய் உருண்டு சோபாவை நோக்கியே வந்தது.

“புடிங்க! மாப்ள, புடிங்க! தங்கச்சி, நீயாவது புடி!”

சர்வேயரின் கால் தானாக எழப் பார்த்தது. பொய் சொல்வானேன், மனைவியின் காலும் எழப் பார்த்தது. ஆனால் அந்தப் பள்ளத்திலிருந்து எழ வேண்டுமென்றால் சோபாவின் கைப்பிடியைப் பற்ற வேண்டும். கைப்பிடியைப் பற்ற வேண்டுமென்றால் கையை விட வேண்டும்.

டப்பா அவர்கள் காலருகே வந்து, செருப்பில் உரசி, வளைந்து வாசலைத் தாண்டியது. டயர்க் கடைக்கு இறங்குகிற படிகளில் ஒவ்வொன்றாக அது விழுகிற சத்தத்தை இருவரும் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்கள்.