நாற்பது வீதத் தலைவர்

2024 ஆகஸ்ட் பதினேழாம் திகதி சனிக்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, தொழிற்சங்கத் தலைவர் கணேசமூர்த்தி மேடையில் நின்றபடியே நாற்பது வீதமாக மங்கினார். வேட்டி, சால்வை, மோதிரம் எல்லாம் சேர்ந்தே மங்கின. குரல் மட்டும் மங்கவில்லை. சபைக்கு அதுதான் வருத்தம்.

றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்து மண்டபத்தில் நான்கு பிளக்குகள் உண்டு. நான்குக்கும் ஒரே பியூஸ்தான் என்று கண்டுபிடித்தவள் பூரணி. மலையில் கொழுந்தெடுப்பவள், நாடகத்துக்கு விளக்குப் போடுபவள். பியூஸைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிளக்கிலும் மேசை விளக்கைச் செருகிப் பார்த்தாள். நான்கும் செத்திருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தில் பால் சுடவைக்கும் கேத்தலும் செத்திருந்தது. பதினைந்து அம்பியர், ஆயிரம் வோட் விளக்கு மூன்றைத் தாங்கும், நான்காவதைத் தாங்காது. ஹட்டனில் வாடகைக்கு எடுத்து வந்ததோ ஆறு. ஆகவே கொழுந்து எடை நிறைந்தால் முழுநாள் சம்பளம், அதாவது முழுப்பேர், குறைந்தால் பாதிச் சம்பளம், அரைப்பேர் என்று மலையில் தனக்குப் போடும் முறையையே அவள் டிம்மர் பெட்டிக்கும் போட்டாள். முழுதாக எரியும் விளக்கு முழுப்பேர், பாதி எரிவது அரைப்பேர். எப்படிக் கூட்டினாலும் மூன்று முழுப்பேரைத் தாண்டக் கூடாது.

வருடா வருடம் போடும் அந்த நாடகம் மூன்று வருடமாக முடிந்ததே இல்லை. கொடுங்கோல் மன்னன் குத்துப்படும் கடைசிக் காட்சிக்கு, பூரணிக்கு முன்பிருந்த விளக்குக்காரர்கள் ஆறையும் ஏற்றுவார்கள், பியூஸ் போகும், மன்னன் இருட்டில் தப்பிவிடுவான். மன்னனாக நடித்தவன் பூரணியின் புருஷன் அழகுமுத்து. சாகாத காரணத்தால் அவன் கிரீடத்தைக் கழற்றவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கும் அதோடுதான் போனான், வேலை பார்க்க வரும் கண்டக்டர் ஐயாவை "யாரங்கே!" என்று கூப்பிட்டான். லயத்தில் தோட்டம் கொடுத்த ஒற்றைக் காம்பராவில் தட்டுக் கழுவச் சொன்னால் நாடு கடத்துவேன் என்றான். தோட்டத்தை நடத்தும் தொரை கடைசி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார். வேலை போனால் காம்பராவும் போகும். இந்த வருடம் எப்படியாவது புருஷனைக் கொன்றாக வேண்டும் என்று பூரணி முடிவு செய்தாள்.

ஜன்னல்களைக் கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கால் மூடி மண்டபத்தை இருட்டாக்கியிருந்தார்கள். கடைசிக் காட்சிக்கு முன்னால் தலைவர் மேடையேறினார். போன வருடம் பேச்சு நடுவில் பியூஸ் போன அவமானத்தை அவர் மறக்கவில்லை.

"எல்லா லைட்டையும் என் மேல போடு, புள்ள."

"வயரு தாங்காதுங்க ஐயா. மூணு முழுப்பேருதான்."

"மலைக்கே வெளிச்சம் குடுத்தவன் நான். எனக்கே அரைப்பேரா?"

பியூஸ் போகட்டும், புத்தி வரும் என்று அவள் ஆறையும் ஏற்றினாள். பியூஸ் போகவில்லை. சுவருக்குள் வயர் எரிகிறதோ என்று நினைத்தாள். ஓடிப்போய்ச் சுவரைத் தொட்டாள். அந்தப் பக்கம் பதினொரு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சுவர் சில்லென்று இருந்தது. வயர் சுடவில்லை, புகையவில்லை. திரும்பிப் பார்த்தால், தலைவரின் வயிற்றுக்குள்ளே பின்னாலிருந்த வரவேற்பு பேனர் தெளிவாகத் தெரிந்தது.

"டேய் துஷாந்த், என் கைய யாருடா அழிச்சது?"

"நீங்கதானே ஐயா பியூஸுல கூரை ஆணிய வைக்கச் சொன்னீங்க," என்றான் அவருடைய டிரைவர் துஷாந்த். ஆணி உருகாது. மிஞ்சிய மூன்று முழுப்பேருக்கும் கரண்ட் எங்கிருந்தாவது வர வேண்டும். விளக்குகளுக்குப் பக்கத்தில் நின்ற தலைவரிடமிருந்து வந்தது. பூரணி ஒரு விளக்கை இறக்கினாள், தலைவர் கொஞ்சம் தெளிந்தார். ஏற்றினாள், மங்கினார். இன்னும் ஐந்து நிமிடம் ஆறும் எரிந்தால் ஆளே இருக்க மாட்டார். மன்னனைக் கொல்ல அந்த ஐந்து நிமிடம் போதும்.

சபை தயங்கவில்லை. "ஏத்து புள்ள! ஒன் புருஷன முடிச்சிரு!" என்றார்கள் பின்வரிசைப் பெண்கள். சங்கத்து ஆட்களிலும் இரண்டு பேர் கைதூக்கினார்கள்.

"பூரணியம்மா," என்றார் தலைவர். அவளுடைய பெயர் அவருக்குத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. "எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கும்மா."

அழகுமுத்து வாளை உருவியபடி வந்து நின்றான். பூரணி பெட்டியில் விரலை வைத்து, ஒவ்வொரு விளக்காக, மெதுவாக, ஐந்தையும் அணைத்தாள். ஆறாவதை அரைப்பேருக்கு இறக்கினாள். அந்த மங்கலில் மன்னனுக்கு ஓட வெளிச்சமும் இல்லை, ஒளிய இருட்டும் இல்லை. முகத்தில் பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதி முதல்தடவையாகப் பயந்தது. எதிர் வேடக்காரனின் குத்து மன்னன் மேல் விழுந்தது. கிரீடம் படிகளில் உருண்டு வந்து நின்றபோது அழகுமுத்து படுத்தபடியே, "பூரணி, திங்கக்கெழம பெரட்டு எத்தன மணிக்கு?" என்று கேட்டான்.

கைதட்டலுக்குக் காத்திராமல் அவள் மெயினை நிறுத்தி, ஆணியைப் பிடுங்கி, அளவான பியூஸ் கம்பியைக் கட்டினாள். தலைவர் எண்பது வீதத்தோடு நின்றுவிட்டார். மீதி இருபதை வயர் தின்றிருக்கும், கரண்ட் தூரம் போனால் நடப்பதுதான் என்றார் மின்சார சபைக்காரர். அடையாள அட்டைக்குப் புதுப் படம் எடுத்தார்கள், சங்கத் தேர்தலில் மறுபடியும் வென்றார். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அவர் முன்னால் மறைத்துக்கொண்டு நின்றாலும், நல்லதண்ணி ஊருக்குப் போகும் பஸ் வருகிறதா என்று பார்க்க யாரும் அவரை நகரச் சொல்வதில்லை.