கையை இழுத்துக்கொள்ளாத நேரம்

ஆராய்ச்சி நிலையத்தில் வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை அவரை நண்டு டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. இருபத்தாறு வருடமாக அவர் ஒரே ஒரு கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நண்டுக்கு வலிக்கிறதா, இல்லை உடம்பு மட்டும் துள்ளுகிறதா?

படிக்கிற காலத்தில், ஆய்வேட்டில் ‘வலி’ என்று எழுதிய இடத்தையெல்லாம் அவருடைய பேராசிரியர் அடித்துவிட்டு ‘எதிர்வினை’ என்று திருத்தினார். “நண்டு உங்கிட்ட வந்து வலிக்குதுன்னு சொல்லுச்சாம்மா?” என்று கேட்டார். அறையே சிரித்தது. அவரும் சிரித்துவைத்தார். ஆனால் கேள்வியை விடவில்லை.

காலிச் சங்குக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு வாழும் சின்ன நண்டுகளைத்தான் அவர் வளர்த்தார். சங்குக்குள் மெல்லிய கம்பி வைத்து, லேசாக மின்சாரம் கொடுப்பார். மட்டமான சங்கில் இருக்கும் நண்டு உடனே வெளியே ஓடிவிடும். நல்ல சங்கு கிடைத்த நண்டோ அவ்வளவு சீக்கிரம் கிளம்பாது. பல் இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லலாம். வெறும் துள்ளல் என்றால் இரண்டும் ஒரே வேகத்தில் அல்லவா ஓட வேண்டும்? இது பேரம் பேசுகிறது. உள்ளே யாராவது இருந்தால்தானே பேரம் பேச முடியும் என்பது அவர் கட்சி. கட்டுரைகளை மட்டும் ஜாக்கிரதையாக ‘இருக்கலாம்’ என்றே முடிப்பார்.

அவருடைய அக்காவுக்கு நண்டுப் பேச்சு வேப்பங்காய். அப்பாவும் அம்மாவும் போனபிறகு, தையல் மெஷின் மிதித்துத் தங்கையைப் படிக்கவைத்தவர் அக்கா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுவார்கள். தங்கை நண்டு என்று வாயெடுத்தாலே, “அதை விடு, எங்க மேல்வீட்டுக்காரி என்ன பண்ணினா தெரியுமா?” என்று அக்கா பேச்சை மாற்றிவிடுவார்.

அந்த அக்கா ஒரு நாள் காலையில் தன் தையல் கடையில் சுருண்டு விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. உயிர் பிழைத்தது. கண்கள் திறந்தே இருந்தன. பேச்சில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. மூன்று வாரம் அப்படியே போயிற்று.

“புரியுதுன்னு சொல்ல முடியாதும்மா,” என்றார் வார்டு டாக்டர். நல்ல பையன். “கையைத் தொட்டா இழுக்கறாங்களே, அது உடம்பு தானா செய்யறது.”

இதே வார்த்தைகளை நண்டு டாக்டர் எத்தனையோ கருத்தரங்குகளில் கேட்டாகிவிட்டது. கோபப்பட முடியவில்லை. வேறு நோயாளியாக இருந்தால் தானும் அப்படித்தான் சொல்லியிருப்போம் என்று தோன்றியது.

தினமும் பத்து மணிக்குப் பிசியோதெரபி செய்யும் பெண் வருவார். விறைத்துப்போன வலது கையை மெல்ல நீட்டிப் பிடிப்பார். வலிக்கும் போலிருக்கிறது, சில நொடிகளில் அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். ஒரு நாள் பேச வேறொன்றும் இல்லாமல், மேல்வீட்டுக்காரி மகன் கல்யாணத்துக்குப் பெண் பார்த்த கதையைத் தங்கை சொல்லிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு ரொம்ப நேரம் கையை இழுக்காம இருந்தாங்களே,” என்றார் அந்தப் பெண்.

நண்டு டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாளிலிருந்து பன்னிரண்டு நாள் சோதனை. நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, பூ விழுந்தால் மேல்வீட்டுக் கதை, தலை விழுந்தால் நண்டுக் கட்டுரை. இரண்டும் ஒரே குரலில், ஒரே வேகத்தில். என்ன பேசுகிறார் என்று கேட்காதபடி பிசியோதெரபிப் பெண் காதில் பாட்டு வைத்துக்கொண்டார். கதைக்குத்தான் திண்டாட்டம். சாயங்காலமானால் மேல்வீட்டுக்காரிக்கே போன் போட வேண்டியிருந்தது. அவர் விஷயம் தெரிந்ததும், “அக்காவுக்குன்னா எங்க வீட்டு மானம் போனாலும் பரவால்ல, எழுதிக்குங்க,” என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

நண்டுக் கட்டுரை படித்த நாட்களில் ஒன்பது நொடி, எட்டு நொடி, பதினொன்று. கதை சொன்ன நாட்களில் முப்பத்தெட்டு, நாற்பத்துநான்கு. சம்பந்தி வீட்டுச் சண்டையைச் சொன்ன அன்று ஒரு நிமிடத்துக்கும் மேல்.

வார்டு டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார்.

“குரல் ஒண்ணுதான். விஷயம்தான் வேற, இல்லையா?”

“ஆமா.”

“அப்ப கதை கேக்கறதுக்காக வலியைப் பொறுத்துக்கறாங்க.”

வார்டு டாக்டர் நேராகக் கட்டிலருகே போய் உட்கார்ந்தார். “அம்மா, மன்னிச்சுக்குங்க. இத்தனை நாளா உங்க தலைமாட்டுலயே நின்னு என்னென்னமோ பேசிட்டோம்,” என்றார். தங்கை வராந்தாவுக்கு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதற்குப்பின் சிகிச்சையே மாறியது. எட்டு மாதத்தில் பேச்சு துண்டு துண்டாகத் திரும்பியது. ஒரு புதன்கிழமை, வீட்டில் தனியாக விட மனமில்லாமல், அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போனார். அக்கா தொட்டிகளைப் பார்த்தார். சங்குக்குள் போகும் கம்பிகளை ரொம்ப நேரம் பார்த்தார்.

“அதுக்கு... வலிக்குதா?”

அக்கா நண்டைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி.

“வலிக்குதுக்கா.”

“தெரிஞ்சு... போச்சுல்ல?”

“ம்.”

“அப்பறம் ஏன்... பண்றே?”

உலகம் ஏற்க இன்னும் ஆதாரம் வேண்டும் என்ற பதில் தயாராகத்தான் இருந்தது. அதற்குள் அக்கா நல்ல கையைத் தங்கை கைமேல் வைத்தார். “சொல்ல முடியாம... கிடந்தேன்டி.”

அடுத்த வாரமே நண்டு டாக்டர் கம்பிகளைக் கழற்றினார். பாதியில் விடுகிறீர்களே என்று கூட வேலைசெய்பவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். “எனக்குப் போதும்,” என்று மட்டும் சொன்னார். ஓய்வு பெற மிச்சமிருந்த நான்கு வருடமும் நண்டுகளுக்கு எது பிடிக்கும் என்று மட்டும் பார்த்தார். கரடு மணலா, பொடி மணலா? நிழலா, வெளிச்சமா? கட்டுரைகள் குறைந்துபோயின. புதன்கிழமைதோறும் அக்கா வந்து தொட்டியருகே உட்கார்ந்து, எந்த நண்டு எந்தப் பக்கம் போனது என்று இடது கையால் கோணல்மாணலாகக் குறித்துக்கொடுத்தார்.

மூன்று மாதக் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தபோது, சாயங்கால வெயில் விழும் மூலைதான் அவற்றுக்கு இஷ்டம் என்று தெரிந்தது. மறுநாள் காவலாளியையும் கூப்பிட்டுக்கொண்டு எல்லாத் தொட்டிகளையும் ஜன்னல் பக்கம் நகர்த்தினார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அக்கா நாற்காலியிலிருந்தே கை காட்டிக்கொண்டிருந்தார்.