கரையடிக் காங்கோங்

எங்கள் அணையைக் கட்டியது யார் என்று கேட்டால், கரையோரம் நிற்கும் கல் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயரைச் சொல்லும். எங்கள் வீடுகளில் கேட்டால் வேறு பெயர்கள் வரும். அந்தக் கரைக்குக் கூடை கூடையாக மண் சுமந்தது தங்கள் பாட்டன்தான் என்று சொல்லாத குடும்பம் இங்கே கிடையாது. எல்லாப் பாட்டன்மாரும் சுமந்ததாகச் சொல்லப்படும் மண்ணைக் கூட்டிப் பார்த்தால், அங்சி மலைக்குத் துணையாக இன்னொரு மலை நின்றிருக்க வேண்டும். நிற்பது என்னவோ மூன்று ஆள் உயரக் கரைதான். என் பாட்டனும் சுமந்தார். அவர் சுமந்ததை மட்டும் நான் முழுதாக நம்புகிறேன்.

புக்கிட் பெலண்டோக் பக்கம், செம்பனைத் தோட்டத்தின் கடைசி மூலையில் இருக்கிறது அந்த அணை. தோட்டம் கை மாறிக் கை மாறி இப்போது ஏதோ ஒரு கம்பெனியிடம் இருக்கிறது. அணைக்குக் கீழே உள்ள பள்ளத்தில் எங்கள் சில குடும்பங்கள் பயற்றங்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய் போட்டு லுக்குட் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, கொண்டுபோய் விற்கின்றன. ஒரு குழாயும் ஒரு இரும்புச் சக்கரமும் போதும். சக்கரத்தைத் திருப்பினால் தண்ணீர் வரும்.

இந்த வருஷம் கம்பெனி மேனேஜர் வந்து சொல்லிவிட்டுப் போனார். இன்ஜினியர் ஒருவர் வந்து கரையைச் சோதிப்பாராம். நன்றாக இருந்தால் அணை இருக்கும். இல்லாவிட்டால் மழைக்காலத்துக்கு முன்பே தண்ணீரை வடித்துவிட்டு, கரையை வெட்டிவிடுவார்களாம்.

அணைக் குழுவின் தலைவர் நான். பெயர் அமலதாஸ். குழுவின் முதல் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனதால் கிடைத்த பதவி இது. இருந்தாலும் பதவி பதவிதானே. கரையில் புல் வெட்டினோம். உடும்பு தோண்டிய பொந்துகளை மூடினோம். யாரோ கரைமேல் நட்டிருந்த வாழை மரங்களைப் பிடுங்கினோம். அந்த யாரோ நான்தான் என்பதைப் பிடுங்கும்போது எல்லாரும் சத்தமாக நினைவுபடுத்தினார்கள். கடைசியில் இரும்புச் சக்கரத்துக்குச் சிவப்புச் சாயம் அடித்தேன். பாதி சக்கரத்துக்கும், மீதி நான் போட்டிருந்த சிலுவாருக்கும் போனது.

எங்களில் பஞ்சாலையின் பயம்தான் பெரிது. மற்றவர்கள் வீட்டில் யாராவது ஒருவர் சிரம்பானிலோ போர்ட் டிக்சனிலோ சம்பளம் வாங்குகிறார்கள். அவள் வீட்டுச் சோறும் பிள்ளைகளின் படிப்பும் அந்த மண்ணிலிருந்துதான் வருகின்றன. அதிலும் கரையடியில் அவள் போட்டிருந்த காங்கோங் கீரைக்கு லுக்குட்டில் ஆள் காத்திருக்கும். எவ்வளவு வெயிலிலும் அந்த இடம் காயாது. தானாகவே ஊறும். அது மாரியம்மன் கொடுக்கும் தண்ணீர் என்று பஞ்சாலை சொல்வாள். மாதாவின் அருள் என்று என் மனைவி மரியகொரெட்டி சொல்வாள். இரண்டு பேரும் ஒரே கீரையைச் சாப்பிட்டதால் சண்டை வரவில்லை.

இன்ஜினியர் ரோகினி மந்தின் ஊரில் வளர்ந்த பெண். வந்ததும் காலில் சப்பாத்தை மாற்றிக்கொண்டு கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். குனிந்து பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், படம் எடுத்தாள். நான் பின்னாலேயே போய்ப் பாட்டன் கதையைச் சொன்னேன். கரையடியில் பச்சையாக அடர்ந்திருந்ததைக் காட்டி, "அது என்னா, அங்கிள்?" என்றாள்.

"கீரைத் தோட்டம்மா. பாத்துக்கிட்டே இருக்கலாம்லா, அவ்ளோ அழகு."

அழகுதான் என்று அவளும் சொல்லிவிட்டு மேலே போனாள்.

மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. கொரெட்டி மீன் கறியும் பெலாச்சான் இறால் விழுது போட்டுப் பிரட்டிய காங்கோங்கும் வைத்திருந்தாள். பஞ்சாலைதான் பரிமாறினாள். ரோகினி கீரையை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டாள்.

"பாசார்ல இப்ப இப்படி எலை கெடைக்கறதே இல்ல. எங்க வாங்குனீங்க, ஆண்டி?"

"வாங்கறதா?" கொரெட்டி சிரித்தாள். "எல்லாம் நம்ம பஞ்சாலையோடது."

பஞ்சாலைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டு மாசமா மழ இல்லம்மா. நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. கரைக்கு அடியில அதுவா ஊறுது."

தலைவர் என்ற முறையில் நானும் ஒரு வார்த்தை சேர்த்தேன். "எங்க அணை அப்படிம்மா. கேக்காமலே குடுக்கும்."

ரோகினியின் கை சோற்றிலேயே நின்றது.

"எந்த எடம்? காட்டுங்க."

"மொதல்ல சாப்டும்மா. கீர எங்க ஓடிப் போவுது."

"இல்ல அங்கிள். இப்பவே போலாம்."

கரையடியில் மண்டியிட்டு உட்கார்ந்து, கீரையை விலக்கிப் பார்த்தாள். வேர்களுக்குள் ஒன்றும் தெரியவில்லை. "அக்கா, இதைப் புடுங்கணும்" என்றாள். பஞ்சாலை என்னைப் பார்த்தாள். தலைவர் வானத்தைப் பார்த்தார்.

பஞ்சாலையே பிடுங்கினாள். அடியில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு ஊற்று, சத்தமில்லாமல் கொப்பளித்துக்கொண்டிருந்தது. ரோகினி ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக் கல்மேல் வைத்துக் காத்திருந்தாள். முதலில் அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் அடியில் மெல்லிய மண் படிந்தது.

"தண்ணி கசியறது தப்பில்ல, அங்கிள். மண் கரையில கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவா வந்தா பயமில்ல. இது கரையோட மண்ணையும் சேத்து அள்ளிக்கிட்டு வருது. உள்ள ஓட்டை பெருசாயிட்டே போகும். ஒரு நா பெரிய மழையில…" அவள் பள்ளத்தில் இருந்த எங்கள் பாத்திகளையும் அதற்கப்பால் தெரிந்த கூரைகளையும் பார்த்தாள்.

"ஒரு மூட்ட சிமெண்டு போதும்மா. நானே அடச்சிர்றேன்" என்றேன்.

"இங்க அடச்சா வேற எங்கயாச்சும் பிச்சிக்கிட்டு வரும். தண்ணிக்கு வழி விடணும். மண்ணுக்குத்தான் விடக் கூடாது."

அதற்கு ஒரு வழியும் சொன்னாள். அணையின் தண்ணீரைப் பாதிக்கு இறக்க வேண்டும். ஊறும் இடத்தில் முதலில் மணல், அதன்மேல் பொடிக்கல், அதன்மேல் பெரிய கல் என்று பரப்ப வேண்டும். வடியும் தண்ணீரைக் குழாய் வழியாகத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும்.

"நான் எழுதறது ஒரே வார்த்தைதான். வைக்கலாம், இல்லன்னா வடிக்கலாம். மழைக்கு முந்தி வருவேன். திரும்ப ஒரு பாட்டில் புடிப்பேன்."

அன்று சாயங்காலம் மீதிக் கீரையையும் பஞ்சாலை தனியாகவே பிடுங்கினாள். யாரும் உதவிக்குப் போகவில்லை. போகத் தைரியம் இல்லை. வீட்டுக்கு ஒரு கட்டு கொடுத்தாள். எங்கள் வாசலில் வைத்துவிட்டு, "சாப்டுங்கண்ணே. கடைசிக் கட்டு" என்றாள். கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். 

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்களும், கோயிலுக்குப் போய்விட்டுப் பஞ்சாலை வீட்டாரும் மற்றவர்களும் வந்தோம். எங்களில் லோரி வைத்திருக்கும் குணாளன் அதில் மணலும் கல்லும் ஏற்றி வந்தான். ஆனால் லோரியால் கரையடிக்கு வர முடியவில்லை. ஈர மண்ணில் டயர் புதைந்தது. தோட்டத்துச் சாலையிலேயே கொட்டினான்.

"இனிமே என்னா செய்றது?" என்றான்.

பஞ்சாலை தலையில் துண்டைச் சும்மாடு கட்டினாள். காய் பறிக்கும் கூடையில் மணலை அள்ளித் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். அடுத்து கொரெட்டி போனாள். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கூடை, வாளி, சாயக் கடையில் கிடைத்த காலி டின், எல்லாம் வரிசையாகப் போயின. பாட்டன் கதைகளில் எது உண்மை, எது பொய் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கூடை எங்கள் தலையில் இருந்தது. அது உண்மை.

சில நடைகளிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. நிழலில் உட்கார்ந்து, மற்றவர்களை மேய்க்கும் மண்டோர் வேலையைத் தொடங்கினேன்.

"ஏண்ணே, ஒங்க தாத்தாவும் இப்படித்தான் மண்ணு தூக்குனாரா?" என்றாள் பஞ்சாலை, கூடையோடு என்னைக் கடந்து போகும்போது.

"அவருக்குத் தொப்பை இல்ல, தங்கச்சி."

"அப்ப எந்திரிங்க. குறைச்சிரலாம்."

எழுந்தேன். மணல் பரப்பி முடிய ஒரு ஞாயிறு, கல் அடுக்கி முடிய இன்னொரு ஞாயிறு. ஒவ்வொரு அடுக்கையும் படம் பிடித்து ரோகினிக்கு அனுப்பினோம். பொடிக்கல்லை நான் போட்ட விதம் சரியில்லை என்று அவள் சொல்ல, எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டே அதை அள்ளித் திரும்பப் போட்டார்கள்.

மழைக்காலம் தொடங்கும் முன்பு ரோகினி வந்தாள். சக்கரத்தைத் திரும்பவும் மூடியதில் அணையில் பழைய மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. குழாயின் வாயில் பாட்டிலைப் பிடித்துக் கல்மேல் வைத்தாள். சுற்றி நின்றோம். பஞ்சாலை மட்டும் குந்தி உட்கார்ந்து பாட்டிலின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோகினி ஏதோ எடுக்கக் காருக்குப் போனாள்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இதுல என்னா சந்தேகம்" என்று சொல்லி, எடுத்துக் குடித்துவிட்டேன்.

திரும்பி வந்த ரோகினி காலி பாட்டிலைப் பார்த்தாள். "அங்கிள், அது என் சாம்பிள்."

கொரெட்டி தலையில் அடித்துக்கொண்டாள். பஞ்சாலை என்னைப் பார்த்த பார்வையில் இன்னொரு ஊற்று கிளம்பியிருக்கும். மறுபடி பிடித்து, மறுபடி வைத்து, மறுபடி காத்திருந்தோம். அந்த நேரம் முழுக்க என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

ரோகினி பாட்டிலைத் தூக்கி வெயிலில் பிடித்தாள். அடியில் ஒன்றுமே இல்லை.

"வைக்கலாம்" என்றாள்.

யாரும் கைதட்டவில்லை. பஞ்சாலை எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரைமேல் ஏறி நின்றாள். அந்தப் பக்கம் நிறைந்து கிடந்த தண்ணீரை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நாங்கள் எல்லாரும் ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியது. அதுகூட நன்றாகத்தான் இருந்தது. என் வயிறு மறுநாள் தனியாக ஒரு ரிப்போர்ட் எழுதியது. அது வேறு கதை.

கரையடியில் இப்போது கல்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் வாய்க்காலில் தள்ளிப் போய்ப் பஞ்சாலையின் புதுப் பாத்தியில் பாய்கிறது. காங்கோங் அங்கே வந்துவிட்டது. ஒரு இலையைக் கிள்ளும் முன்பு அவள் தினமும் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது ரோகினியின் கட்டளை. அணைக் குழுவின் உண்மையான தலைவர் பஞ்சாலைதான் என்பது எல்லாருக்கும் தெரியும். என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நவம்பரில் இரண்டு நாள் விடாமல் மழை கொட்டியது. மூன்றாம் நாள் காலையிலும் நிற்கவில்லை. நானும் கொரெட்டியும் வாசலில் வந்து நின்றோம். தூரத்தில் பஞ்சாலை ஒரு கையில் குடையும் ஒரு கையில் பாட்டிலுமாகக் கரையடியில் நின்றிருந்தாள். கொரெட்டியின் உதடு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, பஞ்சாலை பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கி எங்களுக்குக் காட்டினாள்.

மழைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"தெளிவா இருக்குண்ணே. குடிக்க வர்றீங்களா?"