பதிமூன்றாவது ஆள்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ராணுவத்தில் இருந்தவர் ஜனாதிபதித் தேர்தலில் நின்றால் அதற்காக ஓட்டு விழுமா என்று ஒரு கட்டுரை எழுதித் தருவதாக ஒரு பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டேன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் என்பதுதான் என் தகுதி. ஆராய்ச்சிகளைப் புரட்டினேன். விழும் என்றது ஒன்று. விழாது என்றது இன்னொன்று. சூழ்நிலையைப் பொறுத்தது என்றது மூன்றாவது. அதை எழுதியவருக்குத்தான் பதவி உயர்வு கிடைத்திருக்கும். போருக்குப் போனவர்கள் ஜெயித்திருக்கிறார்கள், போகாதவர்களிடம் மண்ணைக் கவ்வியும் இருக்கிறார்கள். இதை எழுதினால் எனக்கே கொட்டாவி வரும். அதனால் லோவலை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'பனி கொட்டிய அந்த ஜனவரி மாலையில், வியட்நாம் வீரன் லோவல் ட்யாடன் நெஞ்சில் பதக்கத்தைக் குத்திக்கொண்டு...'

(நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரில் பதக்கத்தைக் குத்திக்கொண்டு வெளியே வருகிறவனை வேலைவெட்டி இல்லாதவன் என்பார்கள்.)

இரண்டாவது தொடக்கம், சுமாரானது: கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஓட்டுச்சீட்டு கிடையாது. பள்ளி விளையாட்டுக்கூடத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. யார் வேண்டுமோ அவர் மூலையில் போய் நிற்க வேண்டும். அக்கம்பக்கத்தார் எல்லோரும் பார்ப்பார்கள். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது சேராத மூலை கலைய வேண்டியதுதான். இன்னும் முடிவெடுக்காதவர்கள் நடுவில் நிற்பார்கள். அவர்களை இழுக்க எல்லா மூலைகளும் தின்பண்டங்களோடு காத்திருக்கும். கொள்கை தோற்ற இடத்தில் பிரவுனி கேக் ஜெயித்ததை நானே பார்த்திருக்கிறேன். [இதைப் பற்றி மட்டும் ஏனோ யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை.]

அன்று வந்தவர்கள் எண்பத்திரண்டு பேர். ஒரு மூலை பிழைக்கப் பதிமூன்று பேர் வேண்டும். மேஜர் வெட்செல் என்ற வேட்பாளரின் மூலையில் நின்றவர்கள் பன்னிரண்டு.

3

மேஜர் வெட்செல் வளைகுடாப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர். போகிற இடமெல்லாம் அதையே பேசினார். அதனால் ஊரில் சந்தேகம் வந்துவிட்டது. "இம்புட்டு பேசுறாரே, நெசமாவே போனாரா?" என்றார்கள். ஒரு வாரம் போரைப் பற்றிப் பேசாமல் இருந்து பார்த்தார். "ஏதோ மறைக்கிறாருப்பா" என்றார்கள்.

லோவல் அந்த மூலைக்குப் பொறுப்பாளன். (அறுபதை நெருங்குகிறவரை 'அவன்' என்று எழுதுவது மரியாதை இல்லைதான். கதைக்குள் வந்துவிட்ட ஆளுக்கு அதற்கு மேல் என்ன மரியாதை?) வியட்நாமிலிருந்து திரும்பிய நாள் முதல் அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் ஊரில் பேசாதவன்தான் வீரன். யாரும் கேட்கவும் மாட்டார்கள். கேட்பது நாகரிகம் இல்லை. முப்பத்தைந்து வருட மௌனத்தில் ஊரே சேர்ந்து அவனுக்கு இரண்டு காட்டுச் சண்டைகளையும் முதுகில் ஒரு குண்டுக் காயத்தையும் கொடுத்திருந்தது. போரில் இறந்தவர்களின் நினைவுநாள் ஊர்வலத்தில் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பவன் அவன்தான்.

உண்மையில் அவன் அங்கே தட்டச்சு செய்தான். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை, மின்விசிறிக்குக் கீழே.

4

மேஜரின் தேர்தல் தலைமை அலுவலகம் அனுப்பிய பிரசாரக்காரியின் பெயர் பைஜ்; பாஸ்டன்காரி. லோவலின் கையில் ஒரு தாளைத் திணித்தாள்.

"ஒரு நிமிஷப் பேச்சு சார். நடுவுல நிக்கிறவங்களப் பாத்து அப்படியே படிச்சிருங்க."

லோவல் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தான். 'குண்டு காதோரம் போகும்போது என்ன சத்தம் கேட்கும் என்று எனக்குத் தெரியும். மேஜர் வெட்செலுக்கும் தெரியும்.'

"இந்த வரி வேணாமே."

"ஏன் சார்? அதுதானே உயிர்நாடியே!"

"எனக்குத் தெரிஞ்ச குண்டுச் சத்தமெல்லாம் காட்டுக்கோழி வேட்டையில கேட்டதும்மா."

பைஜ் சிரித்தாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டாள். "அய்யோ, இந்த அடக்கத்துக்கே பத்து ஓட்டு விழும் சார்!"

5

இனி மார்லிஸ். அவளைக் கொண்டுவரத் தயங்கினேன். வந்தால் கட்டுரை போய்விடும் என்று தெரியும்.

மார்லிஸும் லோவலும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் தம்பி டுவெய்ன் வியட்நாமில் இறந்தான். அவன் படைப்பிரிவின் கமாண்டர் அம்மாவுக்கு எழுதிய கடிதம் அவள் வீட்டில் சட்டம் போட்டு பியானோவுக்கு மேல் மாட்டப்பட்டிருக்கும். அன்று மாலை மார்லிஸ் நடுவில் நின்றாள். எந்த மூலையின் பிரவுனியையும் தொடவில்லை. பிறகு அவளே லோவலிடம் வந்தாள்.

"உன் மேஜரப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது லோவல். ஆனா அந்த மாதிரி ஒரு ஆபீசர்தான எங்கம்மாவுக்கு அப்படி எழுதினாரு. 'அவனுக்கு வலியே தெரியல'ன்னு. அந்த ஒத்த வரியப் புடிச்சுக்கிட்டுத்தான் எங்கம்மா இருவது வருசம் இருந்தா. நீ அவங்க கூட இருந்தவன். நல்லவங்கதான?"

பன்னிரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஆமாம் என்று அவன் ஒரு சொல் சொன்னால் போதும். பதிமூன்று.

[இந்த இடத்தில் முந்தைய பிரதி ஒன்றில், டுவெய்னைப் பற்றிய கடிதத்தைத் தட்டச்சு செய்தவனே லோவல்தான் என்று எழுதியிருந்தேன். பத்திரிகை ஆசிரியர் போனில் துள்ளிக் குதித்தார். அவர் குதித்ததாலேயே அடித்துவிட்டேன். லோவல் வேறு படைப்பிரிவில் இருந்தான். அது ஒன்றும் ஆறுதல் இல்லை.]

லோவல் பைஜ் கொடுத்த தாளை நான்காக மடித்தான்.

"மார்லிஸ், நான் சண்டைக்கே போகல. டைப் அடிச்சேன்."

"என்னத்த?"

"அந்தக் கடுதாசிங்களத்தான். உங்க வீட்டுது இல்ல, மத்தவங்களுது. மாதிரி ஒண்ணு குடுத்துருவாங்க. பேரு, ஊரு, தேதி மட்டும் மாத்தணும். ஆபீசரு கையெழுத்துப் போடுவாரு. வலி தெரியலங்கிற வரி எல்லாத்துலயும் இருக்கும்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

பைஜ் தலையில் கையை வைத்துக்கொண்டாள். கூட்டத்தை நடத்திய பல் டாக்டர், இன்னும் இரண்டு நிமிடம் என்று அறிவித்தார். மார்லிஸ் நகரவில்லை. லோவலின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப டுவெய்னுக்கு வலிச்சுதா லோவல்?"

6

முடிவுகள்.

அ. லோவல், "வலிச்சிருக்காது" என்கிறான். அதாவது அதே வரியை, இந்த முறை மாதிரித்தாள் இல்லாமல், தன் வாயால். பார்த்துப் பார்த்து எழுதினேன். படித்தபோது பொய்க்கு மெருகேற்றியதுபோல இருந்தது.

ஆ. லோவல், "எனக்குத் தெரியாது மார்லிஸ்" என்கிறான். நேர்மையான முடிவு. நேர்மைக்குப் பரிசு வாங்கிக்கொண்டு எழுத்தாளன் வீட்டுக்குப் போய்விடுவான். அவள்தான் காலி வீட்டுக்குப் போய் பியானோவுக்கு எதிரே உட்கார வேண்டும்.

இ. லோவல் ஒன்றும் சொல்லாமல்... (வேண்டாம். முப்பத்தைந்து வருடமாக அதைத்தானே செய்தான்.)

7

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். நான் அங்கேதான் இருந்தேன், பத்தடி தள்ளி. லோவல் குனிந்து அவள் காதருகில் ஏதோ சொன்னான். சின்ன வாக்கியம். என் காதில் விழவில்லை. கட்டுரைக்குத் தேவைப்படும் என்று அந்த நேரம் பார்த்துப் பலகையிலிருந்த எண்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் நிமிர்ந்தபோது மார்லிஸ் அழுதுகொண்டிருந்தாள். அழுதுகொண்டே இரண்டு எட்டு வைத்து அந்த மூலைக்குள் வந்து, லோவலின் பக்கத்தில் நின்றாள். பல் டாக்டர் விரல் நீட்டி எண்ணினார். பதிமூன்று. பைஜ் கைதட்டினாள். மறுநாள் தலைமை அலுவலகத்துக்கு அவள் அனுப்பிய அறிக்கையில், ராணுவச் சேவை வாக்காளர் ஒருவரை மனம் மாற்றியது என்று இருந்ததாம். ஆராய்ச்சிக்காரர்களும் அப்படியே எழுதிக்கொள்வார்கள். மூலை தெரிகிறது, எண் தெரிகிறது; வேறென்ன வேண்டும்?

லோவலிடம் பிறகு கேட்டேன். "அது அவளுக்குச் சொன்னது" என்றுவிட்டுக் காரை எடுத்தான்.

ஆகவே அந்த வாக்கியத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். இடம் விட்டிருக்கிறேன்:

"............................................"

அவசரம் இல்லை. ஆனால் என்னைப் போலக் கதைக்காகவோ பைஜைப் போல எண்ணிக்கைக்காகவோ எழுதாதீர்கள். அவள் இன்னும் உங்கள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.